அப்பா பிறந்த ஊருக்கு அப்பாவும் வரவேண்டும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வணிகர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மனைவியையும் பிள்ளைகளையும் ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு, கடைக்காரர் நேரே கடைக்குத் திரும்பிவிடுவார். அந்த ஒரு மாதமும் அவருக்கு ஓட்டல் சாப்பாடு. பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது மறுபடியும் ரயில் நிலையத்திற்குப் போய் அழைத்து வருவார். ஊரில் கோவில் கொடை என்றால் மட்டும் ஒருநாள் இரவு பேருந்து ஏறி, காலையில் இறங்கி, வரியைக் கட்டி, சாமி கும்பிட்டு, அன்றிரவே திரும்பிவிடுவார். கேட்டால், "கடையைப் போட்டுவிட்டு எப்படி வருவது?" என்ற ஒரே பதில்தான்.

சென்னையிலும் கோவையிலும் மளிகை, காய்கனி, பாத்திரம், ஹார்டுவேர் என்று தொழில் செய்யும் நம் உறுப்பினர்களில் கணிசமானோர் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர், கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களை மனதில் வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டுவதற்குள் ஒருமுறையாவது, தகப்பனும் உடன் சென்று, குறைந்தது நான்கு நாட்களாவது சொந்த ஊரில் தங்கிவர வேண்டும் என்பது நம் கருத்து. காரணத்தையும் சொல்கிறோம், அதற்கான வழியையும் சொல்கிறோம்.

தராசுக்குப் பின்னால் நிற்கும் அப்பா

நம்மில் பலர் பால் பாக்கெட் இறங்கும் நேரத்தில் கடை திறக்கிறோம். இரவு பத்தரை மணிக்குக் கதவைப் பூட்டுகிறோம். போகும்போதும் பிள்ளை தூங்குகிறது, வரும்போதும் தூங்குகிறது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த அப்பா, தராசுக்குப் பின்னால் நின்று அவசர அவசரமாகப் பொட்டலம் மடிப்பவர். பள்ளி விட்டு வந்து ஏதாவது கேட்டால், "அம்மாகிட்டே கேள்" என்று அனுப்பிவைப்பவர். இதில் யாருடைய குற்றமும் இல்லை. தொழில் அப்படி.

அதே பிள்ளை ஊருக்கு வந்து, தன் அப்பாவை ஆச்சி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஏலே, முதல்ல சாப்பிட்டுட்டுப் போலே" என்று அதட்டுவதைப் பார்க்கும்போது அதற்குப் புதிதாக ஒன்று புரிகிறது. அப்பாவும் ஒரு காலத்தில் பிள்ளையாக இருந்தவர்தான் என்பது. எந்த வேப்ப மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார், எந்தப் பள்ளியில் படித்தார், எந்த மைல்கல் வரை நடந்து போய்ப் பேருந்து ஏறி முதன்முதலில் சென்னைக்கு வேலைக்கு வந்தார் என்பதையெல்லாம் அம்மா சொல்லிக் காட்ட முடியாது. அவருக்கே தெரியாது. தகப்பன் வராத பயணத்தில் பிள்ளைகள் வீட்டைப் பார்ப்பார்கள், சித்தப்பா பெரியப்பாவைப் பார்ப்பார்கள். அப்பாவின் ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வயதுக் கணக்கும் முக்கியம். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பின்னாளில் எதுவும் நினைவிருக்காது. பெரியவர்களின் திருப்திக்காகத்தான் கொண்டு போகிறோம், அதுவும் நியாயமே. பன்னிரண்டைத் தாண்டினால் கையில் செல்போன், ட்யூஷன், பத்தாம் வகுப்பு என்று ஆயிரம் காரணம் முளைத்துவிடும். இடைப்பட்ட நான்கு முதல் பத்து வயதுவரைதான் பிள்ளை நம்மோடு வரும். வந்ததை மறக்கவும் செய்யாது. அந்த ஆறு கோடைகளில் எத்தனையை நாம் கடையிலேயே கழித்துவிட்டோம் என்று அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்பது இன்னொரு கணக்கு. 2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடைகளை நாம் திறந்து வைத்திருந்தோம். ஆனால் ஊருக்குப் போக வழியில்லை. இ-பாஸ் வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தாயையோ தகப்பனையோ இழந்து, கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கவும் முடியாமல் போன உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "போன கோடையில் போயிருக்கலாம்" என்று அவர்கள் சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம்.

கடையை என்ன செய்வது?

இங்கேதான் பேச்சு நின்றுவிடும். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலாவது, தேதி. மளிகைக் கடைக்கு மாதத்தின் முதல் பத்து நாள்தான் உயிர். சம்பளம் வந்து, மாதச் சாமான் பட்டியல் வந்து, பழைய பாக்கியும் வசூலாகும் நாட்கள் அவை. ஆகவே ஒன்றாம் தேதியை ஒட்டிப் பயணம் வைப்பது தவறு. மே 5 வணிகர் தினத்திற்கு எப்படியும் கடை அடைப்புத்தானே, அத்துடன் சேர்த்துப் போய்விடலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். மாநாட்டிற்கு வராமல் இருக்க இது ஒரு நல்ல சாக்கு என்பது நமக்குத் தெரியும்! அதை விட்டாலும், அது மாத முதல் வாரம் என்பதால் நாம் அதைச் சிபாரிசு செய்யவில்லை. பதினைந்து தேதிக்கு மேல் இருபத்தைந்துக்குள் போய்வருவதே நல்லது. ஜி.எஸ்.டி. மாதக் கணக்கு 20ஆம் தேதிக்குள் போக வேண்டியவர்கள், கணக்கரிடம் கொள்முதல் பில்களை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஊரில் போய் உட்கார்ந்து, பில்லைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டாவது, கடையை யார் பார்ப்பது. முன்பெல்லாம் கடைப் பையன்கள் நம் ஊரிலிருந்தே வந்தவர்கள். கொடை என்றால் அவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள், கடையை அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்று பல கடைகளில் வட மாநிலத் தோழர்கள் வேலை பார்க்கிறார்கள். நம்பிக்கையான ஆள் இருந்தால், முழு நேரம் வேண்டாம், காலை ஆறு முதல் பதினொன்று, மாலை ஐந்து முதல் ஒன்பது என்று நேரம் குறைத்துத் திறந்து வைக்கலாம். கியூ.ஆர். அட்டை மூலம் வரும் பணம் நம் கணக்கிற்கே வந்துவிடுவதால் முன்பிருந்த பயத்தில் பாதி இல்லை. ஆனால் கடன் நோட்டை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கொடுக்க வேண்டியவர் யார், கொடுக்கக் கூடாதவர் யார் என்பது நம் தலைக்குள் இருக்கும் சங்கதி. நான்கு நாளுக்குக் கடன் இல்லை என்று எழுதி ஒட்டிவிடுவதே இரு தரப்புக்கும் மரியாதை.

சகோதரர்கள் இருவரும் ஒரே தெருவில் கடை வைத்திருந்தால், இந்த ஆண்டு நீ, அடுத்த ஆண்டு நான் என்று முறை வைத்துக்கொள்ளலாம். பங்காளியாக இல்லாத பக்கத்துக் கடைக்காரரோடும் இப்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்ட உறுப்பினர்கள் உண்டு. இவர் கடை அடைத்த நாட்களில் இவருடைய வாடிக்கையாளரை அவர் கவனிப்பார், அவர் போகும்போது இவர் கவனிப்பார். போட்டிக் கடைக்கு வாடிக்கையாளரை அனுப்புவதா என்று கேட்கலாம். தெருமுனைக் கடைக்குப் போனவர் திரும்பி வருவார். செல்போனில் பொத்தானை அழுத்திப் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரவழைக்கப் பழகியவர் திரும்பி வருவதுதான் கடினம். இன்று நம் போட்டி யாரோடு என்பதை இன்னும் சிலர் புரிந்துகொள்ளவில்லை.

அடைத்தே போவதென்றால் பத்து நாள் முன்பே அறிவிப்புப் பலகை மாட்டிவிடுங்கள். "ஊருக்குப் போகிறோம், இன்ன தேதி திறப்போம்" என்று தேதியோடு எழுத வேண்டும். காரணம் எழுதாமல் பூட்டிக் கிடக்கும் கடையைப் பற்றித் தெருவில் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். முட்டை, தயிர், ரொட்டி, காய்கறி ஆகியவற்றை மூன்று நாள் முன்பிருந்தே குறைத்து வாங்கி, கிளம்பும் நாளில் காலியாக்கிவிட வேண்டும். பால் முகவருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் பூட்டிய கடை வாசலில் ஐந்து டப் பால் வெயிலில் கிடக்கும். பருப்பு, மாவு மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் வையுங்கள், ஆள் நடமாட்டம் இல்லாத கடை எலிக்குக் கல்யாண மண்டபம். அந்த வாரத்தில் வங்கிக்கு வரும் காசோலை ஏதாவது உண்டா என்று ஸ்டாக்கிஸ்டுகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவைப்பது மிக அவசியம். காசோலை திரும்பிவிட்டால், ஊருக்குப் போன மகிழ்ச்சி அத்தனையும் அந்த ஒரு போன் காலில் போய்விடும்.

கண்காணிப்புக் கேமரா பற்றியும் ஒரு சொல். ஊரில் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளை ஒரு பக்கம் கையைப் பிடித்து இழுக்க, செல்போனில் சென்னைக் கடையின் கல்லாவையே பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களை நாம் பார்த்திருக்கிறோம். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை பார்த்தால் போதும். இல்லாவிட்டால் ஊருக்கு வந்ததாகவே அர்த்தமில்லை.

பயணம்

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. 120 நாளாக இருந்ததை 2024 நவம்பர் முதல் குறைத்துவிட்டார்கள். மே மூன்றாம் வாரம் போக வேண்டுமென்றால் மார்ச் மூன்றாம் வாரத்திலேயே காலை எட்டு மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். நெல்லை, பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி விரைவு வண்டிகளுக்குக் கோடையில் இருக்கும் கூட்டம் யாவரும் அறிந்ததே. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் என்றால், படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். 2016 முதல் இதுவே விதி. ஆறு வயதுப் பிள்ளையைப் படுக்கை இல்லாமல் அழைத்துப் போய், இரவெல்லாம் அம்மாவின் காலடியில் சுருண்டு கிடக்க வைப்பது சிக்கனமில்லை. அடுத்த நாள் முழுவதும் அது சிணுங்கும். நாம் அதன்மேல் எரிந்து விழுவோம். முழுச் சீட்டே வாங்கிவிடுங்கள்.

பகலில் போக விரும்புவோருக்கு 2023 செப்டம்பரிலிருந்து சென்னை - திருநெல்வேலி வந்தே பாரத் ஓடுகிறது. எட்டு மணி நேரத்திற்குள் கொண்டு சேர்த்துவிடும். கட்டணம் அதிகம்; நாற்காலி வண்டியில் ஐந்து வயதான பிள்ளைக்கும் முழுக் கட்டணம்தான். ஆயினும் சின்னப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க இதுவே சுலபம் என்கிறார்கள் போய்வந்தவர்கள். பேருந்தில் போவோர், தென் மாவட்ட வண்டிகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன என்பதை நினைவில் வைத்து, வடசென்னையிலிருந்து வர ஒன்றரை மணி நேரமாவது கூடுதலாக ஒதுக்க வேண்டும். கைக்குழந்தையோடு அந்தக் கடைசி நேர ஓட்டம் வேண்டாம்.

இந்த ரயில் பாதையே ஒரு வியாபாரப் பாடம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். திண்டுக்கல் என்றால் பூட்டு. விருதுநகர் என்றால் பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல், நம் மொத்த வியாபாரத்தின் தாய்வீடு. சாத்தூர் என்றால் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும். கோவில்பட்டி என்றால் தீப்பெட்டியும் 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயும். நம் கடையில் அடுக்கியிருக்கும் சரக்கின் பெயர்களெல்லாம் ரயில் நிலையப் பலகையாக வந்துகொண்டே இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைத்து, "அடுத்த ஸ்டேஷன் பெயரைப் பார்த்து, நம் கடையில் அந்த ஊர்ச் சரக்கு என்ன இருக்கிறது சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். வாஞ்சி மணியாச்சி வரும்போது, 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது இந்த நிலையத்தில்தான் என்று சொல்லலாம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லத்திற்கு ஒரு நடை போய்வரலாம். 1906இல் அவர் தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனியின் பங்குகளை வாங்கிப் பக்கபலமாக நின்றவர்களில் வணிகர்களும் உண்டு என்பது வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

ஊரில் என்ன காட்டுவது?

குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று வேன் பிடித்து மூன்று நாளும் சுற்றிவிட்டுத் திரும்புவோர் உண்டு. திருச்செந்தூர் போகாமல் வரமுடியாதுதான். ஆனால் சின்னப் பிள்ளைக்கு வேன் பயணத்தில் மிஞ்சுவது வாந்திதான். வீட்டைச் சுற்றியே பார்க்க ஏராளம் இருக்கிறது.

கோடை, பனையின் காலம். உடன்குடி, திசையன்விளை பக்கத்துக்காரர்கள் பிள்ளைகளை அதிகாலையில் ஒரு விளைக்கு அழைத்துப் போகலாம். பனையேறுபவர் பாளையைச் சீவிவிட்டுக் கலயத்தை இறக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கட்டும். கலயத்தின் உட்புறம் ஏன் சுண்ணாம்பு தடவியிருக்கிறது என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும் என்று சொல்லிக் கொடுங்கள். ஓலைப் பட்டையில் ஊற்றிய பதநீரை ஒருமுறை குடித்த பிள்ளை அதை மறக்காது. பிறகு அந்தப் பதநீரைப் பெரிய தாச்சியில் ஊற்றிக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்து, கருப்பட்டியாகத் தட்டி எடுக்கும் இடத்திற்கும் அழைத்துப் போங்கள். அடுப்பின் அனலில் அந்த அம்மாள் நிற்பதைப் பார்த்தால், நல்ல கருப்பட்டி ஏன் அந்த விலை விற்கிறது என்று பிள்ளைக்கும் புரியும், நமக்கும் ஒருமுறை உறைக்கும். சீனிப் பாகு கலந்த கருப்பட்டியை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கி வைத்து விற்கும் அன்பர்கள் சிலர் நம்மிடையே உண்டு. அவர்கள் தம் பிள்ளைகளோடு ஒருமுறை அந்த அடுப்பருகே நின்றுவிட்டு வரட்டும் என்பதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்லவில்லை.

தூத்துக்குடிக்காரர்கள் உப்பளத்தைக் காட்டலாம். வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட வேண்டும்; தொழிலாளர்கள் விடியும் முன்பே வேலைக்கு இறங்கிவிடுவதும் அதனால்தான். பாத்தியில் கடல்நீர் உப்பாவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, கடையிலுள்ள ஒரு கிலோ உப்புப் பாக்கெட் அப்புறம் வெறும் பாக்கெட்டாகத் தெரியாது.

உறவு முறையைச் சொல்லிக் கொடுப்பது மிக முக்கியம். பார்க்கும் எல்லோரையும் "அங்கிள், ஆன்ட்டி" என்று கூப்பிடப் பழகிய பிள்ளைகள் நம்முடையவை. ரயிலில் போகும்போதே இவர் பெரியப்பா, இவர் மாமா, இவர் அத்தான், இவர் மதினி என்று சொல்லி வைத்தால், இறங்கியதும் அழகாக முறை வைத்துக் கூப்பிடும். ஊர்ப் பெரியவர்களுக்கு அதைவிட ஒரு பரிசு கிடையாது.

பரிசு என்றதும் நினைவு வருகிறது. கடையிலிருந்து பிஸ்கட், சாக்லேட், சோப்பு என்று இரண்டு பெரிய பை நிறைய எடுத்துப் போகும் வழக்கத்தை விட்டுவிடலாம். அதே கம்பெனியின் அதே பாக்கெட் இன்று எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஊரில் ஓலைக் கூரை போய்க் கான்கிரீட் ஆகியிருக்கும் அந்தச் சின்னக் கடையில், பிள்ளையின் கையில் இருபது ரூபாய் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். அவரும் நம்மைப் போல் வணிகர்தான். நம்மில் சிலர் பொட்டலம் கட்டக் கற்றுக்கொண்டதே அந்தத் திண்ணையில்தான்.

மனைவியின் ஊரையும் மறக்கக் கூடாது. நான்கு நாளும் அப்பாவின் ஊர் என்று வைத்துவிட்டு, திரும்பும் வழியில் அரைமணி நேரம் அம்மாவின் ஊரில் தலையைக் காட்டிவிட்டு வருவது நியாயமன்று. பெரும்பாலான கடைகளில் மதிய நேரத்துக் கல்லா அவர்கள் கையில்தான். கொடை வீட்டிற்கு வந்து ஐம்பது பேருக்குச் சமைத்துவிட்டுத் திரும்பினால் அவர்களுக்கு அது விடுமுறையா?

கவனம் வேண்டிய இடங்கள்

இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடையிலும், விடுமுறைக்கு ஊருக்கு வந்த நகரத்துப் பிள்ளைகள் கிணற்றிலோ குளத்திலோ ஆற்றிலோ மூழ்கி இறந்த செய்தி நாளிதழ்களில் வராமல் இருப்பதில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்தப் படித்துறையில் எத்தனை படி, எங்கே கசம், எங்கே மணல் அள்ளிய பள்ளம் என்று தெரியும். நம் பிள்ளைக்குத் தெரியாது. அதோடு அது நீச்சலும் அறியாது. "நாங்களெல்லாம் இந்தக் கிணற்றில் குதித்துத்தான் வளர்ந்தோம்" என்று நாமே பெருமை பேசிக் குதிக்க வைப்பதும் உண்டு. நாம் வளர்ந்த காலத்துத் தாமிரபரணி வேறு. மணல் அள்ளிய பின் இருக்கும் தாமிரபரணி வேறு. பத்து வயது அண்ணனை நம்பி ஐந்து வயதுத் தம்பியை ஆற்றுக்கு அனுப்பவே கூடாது. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர், கையில் செல்போன் இல்லாமல், கூடவே தண்ணீரில் நிற்க வேண்டும். தகப்பன் உடன் வரவேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாய் கடித்தாலும், பிறாண்டினாலும்கூட, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், தடுப்பூசி இலவசம். மஞ்சள் தூள், சுண்ணாம்பு வைத்தியம் வேண்டாம். பாம்பு கடித்தாலும் அதேதான்: கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், 108க்குப் போன் செய்ய வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை, அதில் அச்சிட்டுள்ள அளவுப்படி, கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்து அடிக்கடி கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று பாக்கெட் மருந்துக் கடையில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு அட்டைப் பெட்டியில் வந்த இனிப்புப் பானங்களை நம் கடைகளிலும் விற்றிருக்கிறோம். உரிய கலவை இல்லாத பானத்திற்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பழைய சரக்கு அலமாரியில் இருந்தால் பிள்ளைக்காக எடுத்துப் போகாதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள்.

கொடைக்குப் போவோருக்கு இரண்டு வார்த்தை. சாமக்கொடை நேரத்தில் மேளமும் வெடியும் ஒலிபெருக்கியும் சேர்ந்து முழங்கும்போது, தூக்கத்திலிருந்து எழுப்பிய மூன்று வயதுக் குழந்தையைச் சாமியாடியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். வீறிட்டு அழுத குழந்தை அடுத்த ஆண்டு "ஊருக்கு வரமாட்டேன்" என்று சொன்னால் அதில் வியப்பில்லை. சற்றுத் தள்ளி, வில்லுப்பாட்டு மேடைக்கு எதிரே மணலில் துண்டை விரித்து உட்காரவைத்தால், கேட்டபடியே தூங்கிவிடும். மொட்டை போடுவதானால் வெயில் ஏறுமுன் போட்டுவிடுங்கள். பிளேடு புதிதாகப் பிரித்ததா என்று தாய்மாமன் மடியில் உட்காரவைக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாத வெயில் பிள்ளைக்கு ஆகாது என்று அரையாண்டு விடுமுறையில் போகிறவர்களும் உண்டு. தாராளமாகப் போகலாம். ஆனால் அது மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி, சுமார் 800 பயணிகள் குழந்தைகளோடு தவித்தார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்தார்தான் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். டிசம்பரில் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கைக்குழந்தையோடு ரயில் ஏற வேண்டாம். ஏறினால் ஒரு நாளைக்கான பால் மாவும் தண்ணீரும் கூடுதலாகப் பையில் இருக்கட்டும்.

திரும்பும் நாள்

போகும் பயணச்சீட்டோடு திரும்பும் சீட்டையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும். ஞாயிறு இரவு வண்டி வேண்டாம். எல்லோரும் அதற்குத்தான் முண்டியடிப்பார்கள். செவ்வாய் அல்லது புதன் இரவு கிளம்பினால் இடம் கிடைக்கும்.

நம் உறுப்பினரான ஓர் அரிசிக்கடைக்காரர், கடை வைத்துப் பதினேழு ஆண்டுகளில் முதன்முறையாகப் போன கோடையில் ஐந்து நாள் கடையை அடைத்துவிட்டு, எட்டு வயது மகனோடும் ஐந்து வயது மகளோடும் ஊருக்குப் போய்வந்தார். வியாபாரம் எவ்வளவு போயிற்று என்று கேட்டோம். கணக்குப் பார்க்கவில்லை என்றார்; வணிகர் சொல்லும் பதிலா இது என்று நாம் சிரித்தோம். மகள் இப்போதெல்லாம் இரவு அவர் வரும்வரை தூங்குவதில்லையாம். கதவைத் திறந்ததும், "ஆச்சி வீட்டு ஆட்டுக்குட்டி இப்போ எவ்வளவு பெரிசா இருக்கும்?" என்று கேட்கிறதாம். அதற்காகவே பத்தரை மணிக்கு அடைக்கும் கடையை அவர் ஒன்பதரைக்கு அடைக்கத் தொடங்கியிருக்கிறார்.

வந்திறங்கிய அன்று காலையிலேயே கடையைத் திறக்க நினைக்காதீர்கள். பால், ரொட்டி, காய்கறிக்கு அன்று சொன்னால்தான் மறுநாள் வரும். பாதிச் சரக்கோடு திறந்த கடைக்கு வந்து, இல்லை என்று கேட்டுத் திரும்பும் வாடிக்கையாளர், பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்பியவரைவிட அதிகமாகக் கோபித்துக்கொள்வார். அன்று மாலை போய்க் கூட்டிப் பெருக்கி, எலி மூட்டையைக் கடித்திருக்கிறதா என்று பார்த்து, பலகையை எடுத்துவிட்டு, மறுநாள் வழக்கமான நேரத்திற்குத் திறக்கலாம்.